நிறங்கள் மோதினால் புள்ளி தொலையும்



இணையத்தில் தமிழ் தவழத் தொடங்கிய காலத்துப் பக்கங்களைக் கண்டவர்கள் அவற்றின் நிறங்களை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். கருநீலப் பின்னணியில் சுடர்விடும் சிவப்பு எழுத்து. ஊதாவின் மேல் பச்சை. விண்மீன்கள் மின்னும் வானத்தின் மேல் மஞ்சள் தலைப்பு. அதன் அடியில் கண்சிமிட்டிக்கொண்டே நிற்கும் ஒரு 'வருக வருக'. 1994-இல் தொடங்கி 2009-இல் பெரும்பாலும் மூடப்பட்ட 'ஜியோசிட்டிஸ்' போன்ற இலவச இடங்களில் இத்தகைய பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. தமிழர்கள் மட்டுமல்லர், உலகமே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது. ஆனால், அந்த நிறங்களால் தமிழுக்கு நேர்ந்த இடர் பிறமொழிகளுக்கு நேர்ந்ததைவிடச் சற்றுக் கூடுதல் என்பது என் கருத்து. ஏனென்று சொல்லவே இக்கட்டுரை.

நிறத்தைச் சுவை வேறுபாடு என்று சொல்லி ஒதுக்கிவிடுவோர் உண்டு. "எனக்குப் பிடித்த நிறம், உங்களுக்கென்ன?" என்பார்கள். சேலைக்கு இவ்வாதம் பொருந்தும். வீட்டுச் சுவருக்கும் பொருந்தும். எழுத்துக்குப் பொருந்தாது. எழுத்தின் நிறத்திற்கு ஒரு வேலை இருக்கிறது. பின்னணியிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டுவதே அவ்வேலை. அது சரியாக நடக்காவிட்டால் தமிழில் முதலில் தொலைவது புள்ளி. 'மலர்' என்ற பெயர் 'மலர' என்ற வினையாகிவிடும். அடுத்துத் தொலைவன சுழிகள். இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் ஒன்றாகத் தெரியும். மனம் எது, மணம் எது என்று பிள்ளை திகைக்கும். ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் நேர்க்கோடுகளாலும் திறந்த வளைவுகளாலும் ஆனவை. நம் எழுத்தோ சுழியும் மடிப்பும் நிறைந்தது. ஒரே அளவு இடத்திற்குள் நாம் அடக்கவேண்டிய நுணுக்கம் அதிகம்.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர்களா? நன்கு அறிந்தவர்கள். பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதும்போது மை கிடையாது. கீறல் மட்டுமே விழும். வெளிர்மஞ்சள் ஓலையில் வெளிர்மஞ்சள் கீறல். புதிதாக எழுதிய ஓலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். ஆகவே, எழுதி முடித்தபின் இலைச்சாற்றோடு கரியைக் குழைத்து ஓலையின் மேல் தடவித் துடைத்தார்கள். மேற்பரப்பு துடைபட்டுப் போக, கீறலுக்குள் கரி தங்கிவிடும். கருப்பெழுத்து அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும். திண்ணைப் பள்ளிகளில் ஒரு பிள்ளை புதுச்சுவடி தொடங்கும்போது மஞ்சளும் மையும் தடவி அதனைக் கொடுப்பது ஒரு சடங்காகவே இருந்தது. மையாடல் என்று அதற்குப் பெயர். சடங்காகப் பார்த்தால் அது மங்கலம். ஓர் ஆசிரியனின் கண்கொண்டு பார்த்தால், பிள்ளை கையில் ஏட்டைக் கொடுக்கும் முன்னர் எழுத்து தெரிகிறதா என்று உறுதி செய்யும் முறை.

ஓலையில் இன்னொரு இக்கட்டும் இருந்தது. புள்ளி வைக்க எழுத்தாணியை அழுத்தினால் ஓலை துளைபட்டுவிடும். ஆகவே ஏடெழுதியவர்கள் பலர் புள்ளியே இடுவதில்லை. மெய்யெழுத்து எது, உயிர்மெய் எது என்பதைப் படிப்பவர் தாமே உய்த்துணரவேண்டும். அக்காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளிதான் அடையாளம். புள்ளி இல்லாத ஏட்டில் 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றே! நெருப்பையும் நீரையும் வேறுபடுத்த ஒரு புள்ளிதான் இருந்தது, அதுவும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் (1680–1747) நெடில்களுக்குத் தனி வடிவம் கொடுத்த சீர்திருத்தத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். இன்று நாம் எழுதும் 'ஏ'வின் கால் அந்தச் சீர்திருத்தத்தின் கொடை. புள்ளியை நம்பியிருந்த வேறுபாட்டைக் கோட்டுக்கு மாற்றினார். கோடு எளிதில் தொலையாது.

கல்வெட்டிலும் கதை இதேதான். கருங்கல்லில் வெட்டிய எழுத்து கருங்கல் நிறமாகவே இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றவர்கள் அறிவார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படிக்கமுடிந்த வரி உச்சிவெயிலில் மறைந்துவிடும். கல்வெட்டு ஆய்வாளர்கள் இதற்குக் கண்ட வழி மைப்படி. கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை தோய்ந்த பஞ்சுப்பொதியால் மெல்ல ஒற்றுவார்கள். மேடான பகுதி கருப்பாகும். பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாகவே நின்றுவிடும். கருப்பின் மேல் வெள்ளை எழுத்து! 1890 முதல் வெளிவரத் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளுக்குப் பின்னால் இத்தகைய மைப்படிகள் இருக்கின்றன. ஆய்வாளர் முன் ஆயிரம் ஆண்டுப் பழமையான செய்தி இருக்கிறது; அவர் முதலில் செய்வது மொழியாராய்ச்சி அன்று, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாட்டை உண்டாக்குவது.

அச்சு வந்தபின் இக்கவலை ஏறத்தாழ மறைந்துபோயிற்று. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி, வெள்ளைத்தாளில் கருப்பு மை என்பதே நூலின் இயல்பாகிவிட்டது. வண்ண மைக்குக் கூடுதல் செலவு. தாளை இருமுறை அச்சுப்பொறியில் ஏற்றவேண்டும். ஆகவே சிவப்பு என்பது நாள்காட்டியில் விடுமுறை நாளுக்கும், திருமண அழைப்பிதழுக்கும், அட்டைப்படத்துக்கும் உரியதாக நின்றது. செலவுதான் நிறத்தை நெடுங்காலம் கட்டுக்குள் வைத்திருந்தது. இதை நினைவில் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டுக்கு வருவோம். ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரம் இன்று செம்பனைக் காடு. ஒரு காலத்தில் பால்மரக் காடு. பெர்ணம் ஆற்றை ஒட்டிய இந்நிலத்தில் 1906-இலேயே டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் ஜெண்டராட்டாத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். தோட்டங்கள் வந்த இடத்தில் தமிழர்கள் வந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளிகள் வந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் ஒரு பள்ளி நடத்தவேண்டும் என்று மலாய் நாட்டுத் தொழிலாளர் சட்டம் 1912-இல் சொன்னது. அப்பள்ளிகளின் சொத்து என்ன? ஒரு கரும்பலகை, சுண்ணக்கட்டி, பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சிலேட்டு. வசதி இல்லைதான். ஆனால், படிப்பெளிமை என்ற ஒன்றில் மட்டும் அக்குறை இல்லை. கருமையின் மேல் வெண்மை. ஓலைக்கூரைக்குக் கீழே மங்கிய வெளிச்சத்திலும் கடைசி வரிசைப் பிள்ளைக்கு எழுத்து தெரிந்தது.

கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டி புதிதன்று. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து ஆசிரியர் ஜேம்ஸ் பில்லன்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வண்ணக்கட்டிகளால் நிலப்படம் வரைந்து புவியியல் கற்பித்தவர். எங்கள் ஆசிரியர் பயிற்சிக் காலத்திலும் வண்ணக்கட்டிப் பெட்டி ஒன்று எப்போதும் கையில் இருக்கும். அதில் ஒரு வேடிக்கை. மஞ்சளும் வெள்ளையும் விரைவில் தேய்ந்து தீர்ந்துவிடும். நீலமும் சிவப்பும் பெட்டியிலேயே கிடக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே எல்லா ஆசிரியர்களும் அவற்றை ஒதுக்கினார்கள், பலகையில் தெரியாது என்பதால். பின்னர் வகுப்பறைகளுக்கு வெண்பலகை வந்தது. நிலைமை அப்படியே தலைகீழ். நீல மையும் கருப்பு மையும் முதலில் தீர்ந்தன. மஞ்சள் தூவலை எவரும் தொடவில்லை. கரும்பலகையில் அரசனாக இருந்த மஞ்சள் வெண்பலகையில் ஆண்டியாகிவிட்டது. மஞ்சள் மாறவில்லை; பின்னணி மாறிவிட்டது.

இந்த உண்மையை அறிவியல் கண்ணோடு முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஒரு சாயப்பட்டறைக்காரர். 1824-இல் பாரிசு நகரத்துக் கோபலின் திரைச்சீலை ஆலையில் சாயப்பகுதிக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிசேல் செவ்ரேல். ஆலையின் கருப்பு நூல் வலுவில்லாமல் வெளிறித் தெரிகிறது என்று நெசவாளர்கள் முறையிட்டார்கள். செவ்ரேல் சாயத்தைச் சோதித்தார். பிற ஆலைகளின் கருப்போடு ஒப்பிட்டார். குறை சாயத்தில் இல்லை. நீலத்திற்கும் ஊதாவிற்கும் பக்கத்தில் வைத்து நெய்யும்போதுதான் அந்தக் கருப்பு மங்கிப்போகிறது என்று கண்டார். ஒரு நிறம் தனியாக இருக்கும்போது ஒன்று. அண்டை நிறத்தோடு சேரும்போது வேறொன்று. பல ஆண்டு ஆய்வுக்குப்பின் 1839-இல் இதனை ஒரு பெருநூலாக வெளியிட்டார். (இவர் 102 வயது வரை வாழ்ந்தவர். சாயப்பட்டறை வாழ்வு உடம்புக்கு ஆகாது என்பார்கள், இவருக்கு ஆகியிருக்கிறது!)

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் கண் ஏன் கூசுகிறது? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கண்ணின் வில்லை எல்லா நிற ஒளியையும் ஒரே அளவில் வளைப்பதில்லை. நீல ஒளி அதிகம் வளைந்து விழித்திரைக்குச் சற்று முன்னே குவிகிறது. சிவப்பு ஒளி குறைவாக வளைந்து சற்றுப் பின்னே குவிகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காணக் கண்ணால் இயலாது. பலருக்குச் சிவப்பெழுத்து முன்னே மிதப்பது போலவும் நீலப்பின்னணி பின்னே அமிழ்வது போலவும் தோன்றும். இத்தோற்றத்தைப் பற்றி 1885-இல் ஆராய்ந்தவர் டச்சு நாட்டு வில்லம் ஐந்தோவன். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவிக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே அறிஞர். இரண்டாவது காரணம், முழுச்சிவப்பும் முழுநீலமும் இரண்டுமே கருமையை நெருங்கிய நிறங்கள். இரண்டின் ஒளி அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஒளி வேறுபாடு இல்லாத இடத்தில் எழுத்தின் விளிம்பு எது என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. விளிம்பு அதிர்வது போல் தோன்றுகிறது.

1931-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து மைல்ஸ் டிங்கரும் டொனால்ட் பேட்டர்சனும் வண்ணத்தாளில் வண்ண மையால் அச்சிட்டுப் படிப்பு வேகத்தை அளந்தார்கள். அவர்கள் கண்ட முடிவு கரும்பலகை ஆசிரியர்கள் அறிந்திருந்ததே. எந்த நிறம் என்பதைவிட மைக்கும் தாளுக்கும் இடையே ஒளி வேறுபாடு எவ்வளவு என்பதே படிப்பெளிமையை முடிவு செய்கிறது.

ஆக, 1931-இலேயே விடை கிடைத்துவிட்டது. பிறகு ஏன் 1990-களில் உலகம் அதனை மறந்தது? முன்னே சொன்ன செலவுதான். திரையில் சிவப்புக்கும் கருப்புக்கும் ஒரே விலை. விலையே இல்லை!

1993-இல் வந்த மொசைக் உலாவி பக்கங்களைச் சாம்பல் பின்னணியில் கருப்பு எழுத்தாகவும், இணைப்புகளை நீலமாகவும் காட்டியது. பார்க்க ஏழ்மையாக இருந்தாலும் படிக்க முடிந்தது. 1995-இல் நெட்ஸ்கேப் உலாவி பின்னணி நிறத்தையும் எழுத்து நிறத்தையும் பக்கம் எழுதுபவர் கையில் கொடுத்தது. 1997 சனவரியில் வெளியான எச்.டி.எம்.எல். 3.2 இதனை முறைப்படுத்தி, பெயர் சொல்லி அழைக்கக்கூடிய பதினாறு நிறங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் கலப்பில்லாத முழு நிறங்கள். அக்காலத்துக் கணினித் திரைகள் காட்டவல்ல நிறங்களுக்கு ஏற்ப அமைந்த பட்டியல் அது. படிப்பவரின் கண்ணுக்கு ஏற்ப அமைந்ததன்று. ஓவியன் ஒருவனிடம் பதினாறு குப்பிகளைக் கொடுத்தால் கலந்து பயன்படுத்துவான். பக்கம் எழுதியவர்களோ குப்பியை அப்படியே கவிழ்த்தார்கள்.

இதே ஆண்டுகளில்தான் தமிழும் இணையத்தில் ஏறியது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைத் தொகுப்பொன்று இணையத்தில் ஏற்றப்பட்டபோது அதில் தமிழும் இருந்தது, நா. கோவிந்தசாமியின் உழைப்பு அது. தமிழ் இணையத்தின் தொடக்கமாகப் பலர் குறிப்பிடுவது இதைத்தான். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார்; 1998 பொங்கலில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கினார். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் கணினியில் தமிழைத் தட்டச்சு செய்யும் வழியைப் பல்லாயிரம் பேருக்குக் காட்டியது. 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2000-இல் மீண்டும் சிங்கப்பூரிலும், 2001 ஆகஸ்டில் நம் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின.

அந்த மாநாட்டுக் காலத்தின் பெருங்கவலை குறியாக்கம். திஸ்கியா, தாபா, தாமா, ஒருங்குறியா என்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். அவ்வாதம் தேவையானதுதான், அதன் பயனை இன்று நாம் அனைவரும் துய்க்கிறோம். ஒரு பக்கத்தைத் திறந்தால் புரியாத குறிகள் கொட்டும், 'இவ்வெழுத்துருவைப் பதிவிறக்கம் செய்க' என்ற வரியைத் தேடிப் பிடிக்கவேண்டும், நிறுவவேண்டும், அப்புறம்தான் தமிழ் தெரியும். இவ்வளவு பாடுபட்டுத் தமிழைத் திரையில் கண்ட மகிழ்ச்சியில் அது எந்த நிறத்தில் இருந்தால் என்ன என்ற மனநிலை இயல்பாகவே வந்திருக்கும். அதை நான் குறை கூறவில்லை. ஆனாலும், எழுத்து வந்துசேரும் வழி பற்றிப் பேசிய அளவில் கால்பங்காவது வந்துசேர்ந்த எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று பேசியிருக்கலாம் என்றே இன்றும் தோன்றுகிறது.

ஏனெனில், அந்நாள் திரைகள் கரடுமுரடானவை. ஓர் எழுத்தின் உயரத்திற்குப் பதினாறு படப்புள்ளிகள் கிடைத்தால் அதுவே பெரிது. அதற்குள் 'ணை'யையும் 'ஞ்'சையும் அடைக்கவேண்டும். மெய்யெழுத்தின் தலையிலிருக்கும் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ படப்புள்ளி. கருப்பு வெள்ளையில் அந்த ஒரு புள்ளி தெரியும். நீலத்தின் மேல் சிவப்பாக இருந்தால் தெரியாது. ஓலையில் எழுத்தாணிக்கு அஞ்சி விட்டுப்போன அதே புள்ளி, முந்நூறு ஆண்டு கழித்துத் திரையில் நிறமோதலால் மீண்டும் விட்டுப்போயிற்று! எழுத்தின் விளிம்பை மென்மையாக்கிக் காட்டும் நுட்பங்களில் ஒன்று 2001-இல் விண்டோசு எக்ஸ்பியோடு வந்தது என்றாலும், 2007-இன் விஸ்டாவில்தான் அது கேளாமலேயே இயங்கும்படி அமைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழைத் திரையில் படித்தவர்கள் பாதியைக் கண்ணாலும் பாதியை ஊகத்தாலும் படித்தார்கள், பழைய ஏடு படித்தவர்களைப் போலவே.

ஒளி வேறுபாட்டை எண்ணால் சொல்லும் முறை 2008 திசம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பில் வந்தது. வெள்ளைக்கும் கருப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு 21-க்கு 1. ஒரே நிறம் ஒரே நிறத்தின் மேல் என்றால் 1-க்கு 1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய தலைப்பெழுத்துக்கு 3 போதும். கணக்கில் எனக்குக் கொஞ்சம் பற்றுண்டு. ஆகவே, நம்மவர்க்குப் பிடித்த நிறச்சேர்க்கைகளை அந்த வாய்பாட்டில் இட்டுப் பார்த்தேன். முழுநீலத்தின் மேல் முழுச்சிவப்பு: 2.15. கரும்பச்சை எனச் சொல்லத்தக்க இணையப் பச்சையின் மேல் சிவப்பு: வெறும் 1.28. வெள்ளையின் மேல் மஞ்சள்: 1.07, அதாவது ஏறத்தாழ எழுதாத தாள். நீலத்தின் மேல் வெள்ளை: 8.6. மஞ்சளின் மேல் கருப்பு: 19.6.

கடைசி இரண்டையும் நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். தெலுக் இந்தானிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங் வழியாகச் சபாக் பெர்ணம் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் ஊர்ப்பெயர்ப் பலகைகள் நீலத்தின் மேல் வெள்ளை. வளைவு, பள்ளி, ஆடுமாடு என எச்சரிக்கும் சாய்சதுரப் பலகைகள் மஞ்சளின் மேல் கருப்பு. வண்டி ஓட்டுபவருக்குக் கிடைப்பது ஓரிரு நொடிகள். அங்கே அழகு பார்க்க நேரமில்லை. நம் வண்டிகளின் எண்பட்டையும் கருப்பின் மேல் வெள்ளைதான். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் எல்லாம் ஒளி வேறுபாட்டை மதிக்கிறோம். பாடம் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம் தெரியவில்லை.

இங்கே ஒரு வினா எழும். மஞ்சளும் சிவப்பும் தமிழர்க்கு மங்கல நிறங்கள் ஆயிற்றே, மஞ்சள் குங்குமம் ஆயிற்றே, கோயில் திருவிழா அறிக்கையும் திருமண அழைப்பிதழும் அந்நிறத்தில்தானே இருக்கவேண்டும்? அதையும் கணக்கிட்டேன். முழுமஞ்சளின் மேல் முழுச்சிவப்பு 3.7. தலைப்புக்குப் போதும், உபயக்காரர் பட்டியல் போன்ற சிற்றெழுத்துக்குப் போதாது. ஆனால், அதே சிவப்பைக் கொஞ்சம் ஆழமாக்கிக் கருஞ்சிவப்பாக்கினால் 10-ஐத் தாண்டிவிடுகிறது! பழைய அச்சகத்துக்காரர்கள் அழைப்பிதழ்களுக்கு ஆழ்ந்த அரக்கு நிற மையைத் தேர்ந்தெடுத்ததை எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் வாய்பாடு இல்லை; கண் இருந்தது. மரபை விடவேண்டியதில்லை, குங்குமத்தைச் சற்று அடர்த்தியாக்கினால் போதும்.

பச்சையும் சிவப்பும் பற்றித் தனியே சொல்லவேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இவ்விரண்டும் ஒன்றுபோல் தெரியும். வட ஐரோப்பிய வழியினரில் ஆண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்மருக்கு இவ்வகைக் குறை உண்டு. ஆசியர்களிடம் அதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பெண்களிடம் மிக அரிது. அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டனே 1794-இல் தம் கண்ணின் இக்குறையைப் பற்றி விரிவுரை ஆற்றியவர். அவர் அறிவாளி, ஆகவே தாமே கண்டுபிடித்தார். எட்டு வயதுப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? தான் காண்பதைத்தான் எல்லாரும் காண்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வான். "சிவப்பில் உள்ள சொற்களை வாசி" என்று ஆசிரியர் சொல்லும்போது விழிப்பான். வகுப்பில் அவனுக்குக் கவனமில்லாதவன் என்ற பெயர் விழும். என் வகுப்பிலும் அப்படி ஒரு மாணவன் இருந்தான். பச்சை அட்டையில் சிவப்பு மையால் எழுதிய சொல்லட்டைகளை மட்டும் அவன் வாசிக்கத் தயங்குவான். கருப்பில் எழுதியதைத் தடையின்றி வாசிப்பான். பெற்றோரிடம் சொல்லிக் கண் பரிசோதனைக்கு அனுப்பியபின் உண்மை வெளிப்பட்டது. அவன் தாயார் சொன்னார், "ஐயா, வீட்டுலயும் பழுத்த மொளகாயப் பறிடான்னா காயப் பறிச்சிக்கிட்டு வருவான். வெளையாட்டுத்தனம்னு அடிச்சிருக்கேன்."

2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது மடிக்கணினிகளும் படவீழ்த்திகளும் பள்ளிகளுக்கு வந்தன. அத்திட்டத்தின் நன்மை தீமைகள் வேறு கதை. 2012 முதல் அது படிப்படியாக விலக்கிக்கொள்ளப்பட்டது. படவீழ்த்தி மட்டும் தங்கிவிட்டது. அதைப் பற்றி ஆசிரியர்கள் பலர் கவனிக்காத ஒன்றுண்டு. படவீழ்த்தியால் கருப்பை வீழ்த்த முடியாது. ஒளியைத்தான் அனுப்ப முடியும். இருளை அனுப்ப முடியுமா? திரையில் நாம் கருப்பென்று காண்பது ஒளி விழாத சுவர். சன்னல்களைத் திறந்து வைத்திருக்கும் நம் வகுப்பறையில் அச்சுவர் மேல் வெயில் வெளிச்சம் விழுந்துகொண்டேயிருக்கும். ஒரு கணக்குக்காக, படவீழ்த்தியின் முழுவெண்மையில் பாதியளவு வெளிச்சம் வெளியிலிருந்து வந்து சுவரில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 21 ஆக இருந்த கருப்பு வெள்ளை வேறுபாடு 3 ஆகச் சரிந்துவிடும். நீலத்தின் மேல் சிவப்போ 1.25 ஆகிவிடும். ஆசிரியரின் மடிக்கணினித் திரையில் அழகாகத் தெரிந்த பாடம் சுவரில் காணாமற்போவது இதனால்தான். கருவியில் பழுது தேடிப் பயனில்லை.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பாடம் பெற்றோரின் கைப்பேசிக்குள் புகுந்தது. தோட்டப்புறப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஒரே கைப்பேசி. தந்தை வேலை முடிந்து வந்தபின்தான் பாடம். விரிசல் விழுந்த சிறுதிரை. அலைக்கற்றை கிடைக்கும் இடம் தேடி வாசலுக்கு வெளியே வந்து நின்றால் திரையில் வானம் பிரதிபலிக்கும். அக்காலத்தில் ஆசிரியர் குழுக்களில் வலம்வந்த பயிற்சித்தாள்களைப் பார்த்தால் வானவில்லே தோற்கும். உழைப்பில் குறை சொல்லமாட்டேன். இரவெல்லாம் விழித்துச் செய்தவை. ஆனால், இளஞ்சிவப்பின் மேல் வெள்ளை எழுத்தில் 'ல', 'ள', 'ழ' வேறுபாட்டுப் பயிற்சி கொடுத்தால் பிள்ளை எதைக் கொண்டு வேறுபாடு காணும்?

இப்போது 2019-க்குப் பிறகு கைப்பேசிகளில் இருள்முறை பரவிவிட்டது. கருப்பின் மேல் வெள்ளை, மீண்டும் சிலேட்டு! இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பார்கள். சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு வெள்ளையெழுத்து கருமைக்குள் கசிந்து பரவுவது போல் தெரியும். 'ண'வின் சுழிகள் அடைபட்டுப்போகும். நீண்ட கட்டுரையை நான் வெண்பின்னணியிலேயே படிக்கிறேன்.

சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி சொல்கிறேன். வாய்பாடும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். செய்து முடித்த பயிற்சித்தாளைப் பள்ளி அலுவலகத்து நகலெடுக்கும் பொறியில் கருப்பு வெள்ளையில் ஒரு படி எடுங்கள். பொறிக்கு நிறம் தெரியாது. ஒளி மட்டுமே தெரியும். அதில் எழுத்து நின்றால் எங்கும் நிற்கும். நீலமும் சிவப்பும் மோதிய தாள் அந்தப் பொறியிலிருந்து ஒரே சாம்பல் பாளமாக வெளியே வரும். கைப்பேசியில் படத்தைச் சாம்பல் நிறமாக்கிப் பார்த்தாலும் இதே விடைதான்.

என் வகுப்பில் இப்போது சொல்லட்டைகள் வெளிர்மஞ்சள் மணிலா அட்டையில் இருக்கின்றன. எழுத்து கருநீலம் அல்லது கருஞ்சிவப்பு. நிறத்தைக் கொண்டு வேறுபடுத்தவேண்டிய சொல்லுக்கு அடிக்கோடும் இடுகிறேன், நிறம் தெரியாதவனுக்குக் கோடு தெரியும். மெய்யெழுத்தின் புள்ளியை வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே வைக்கிறேன். "ஐயா, புள்ளி பொட்டு மாதிரி இருக்கு" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்; கடைசி வரிசையிலிருந்தும் சிரிப்புச் சத்தம் வருகிறது.